கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கீழவீட்டுப் பங்கு விஷயம் இழுத்துக்கொண்டேதான் போகிறது, உன் பெரியப்பா மசியவில்லை. மற்ற ஊர்க்கதையெல்லாம் அப்புறம்.

போனில் கேட்டால் "வேலைதாம்மா" என்கிறாய், அடுத்த நிமிஷம் அப்பாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பதில் போடவேண்டும் என்றில்லை, படித்தால் போதும்.

நான் லண்டனுக்கு வந்திருந்தபோது செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷன் பக்கத்தில் பிரிட்டிஷ் நூலகத்தைக் காட்டினாயே, கொஞ்ச நாளாக அதைக் கட்டிய கட்டடக் கலைஞர் காலின் செயின்ட் ஜான் வில்சனைப் பற்றித்தான் தேடித்தேடிப் படிக்கிறேன். உனக்குத் தெரியாததையா நான் சொல்லிவிடப் போகிறேன்? ஆனாலும் நீங்களெல்லாம் கட்டடத்தைத்தான் பார்க்கிறீர்கள். அந்த மனுஷன் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

1962இல் அந்த வேலை கைக்கு வரும்போது அவருக்கு நாற்பது வயது. லெஸ்லி மார்ட்டின் என்ற இன்னொரு கட்டடக் கலைஞரோடு சேர்ந்து, லண்டனிலேயே பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரே ப்ளூம்ஸ்பரியில் கட்டுவதாக ஏற்பாடு. பழைய வீடுகளை இடிக்கவேண்டும் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. 1967இல் அரசாங்கமே வேண்டாம் என்றுவிட்டது. மறுபடி வரைந்தார். அதுவும் போயிற்று. கடைசியில் இடமே மாறி, ரயில்வே சரக்குக் கிடங்கு இருந்த நிலத்துக்கு முதலிலிருந்து வரைந்தார். 1982இல்தான் கட்டவே ஆரம்பித்தார்கள். இருபது வருஷமும் காகிதத்திலேயே போயிற்று, கயல். அந்த முதல் வரைபடத்தில் ஒரு செங்கல்கூட மண்ணில் ஏறவில்லை. அதற்காக யாராவது அவரைத் தோற்றவர் என்று சொன்னார்களா?

பிறகும் விட்டார்களா? 1982இல் அடிக்கல் நாட்டிய இளவரசர் சார்லஸே சில வருஷத்தில் அதை ரகசியப் போலீஸ் பயிற்சிக்கூடம் மாதிரி இருக்கிறது என்றார். திட்டத்தின் பிற்பகுதியை அரசாங்கம் வெட்டிற்று. புத்தக அலமாரிகளில் பழுது, மின்கம்பிகளில் பழுது, வருஷக்கணக்கில் தாமதம். திட்டு முழுக்க அவர் தலையில். 1998இல் ராணி வந்து திறந்துவைக்கும்போது அவருக்கு எழுபத்தாறு. 2015இல் அதே கட்டடத்தை முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, 2007லேயே போய்விட்டார். இதை எழுதும்போதே எனக்கு மனசு ஆறவில்லை.

நீ என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்ன மாடிப்படிக் கைப்பிடி ஞாபகம் இருக்கிறதா? பித்தளைக் கம்பிமேல் தோல் சுற்றித் தைத்திருந்தது. அந்தக் குளிரிலும் கை வைத்தால் சில்லென்று இல்லை. வெளியே ஒரு கோடிச் செங்கல், பூமிக்கடியில் ஐந்து தளம், அத்தனைக்கும் நடுவில் படி ஏறுகிறவர் கைக்குக் குளிரக்கூடாதே என்று ஒருத்தர் யோசித்திருக்கிறார். நான் வேலை பார்த்த நூலகத்தில் ஐப்பசி பிறந்தால் ஒழுகும் கூரைக்குத் தப்பி மேல்தட்டுப் புத்தகங்களைக் கீழே இறக்குவதுதான் எங்களுக்கு வேலை. அப்படி இருந்தவளுக்கு அந்தக் கைப்பிடி என்ன என்று உனக்குப் புரியும். அங்கே நின்று நீ என்னிடம், "நானும் ஒரு நூலகம் பண்ணுவேம்மா" என்றாய். ஊருக்கு வந்ததும் தெரு முழுக்கச் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் ஒன்று. அம்மாவிடம் எதையும் மறைத்துப் பழகாத பிள்ளை நீ. ஹாஸ்டலில் தலைசுற்றி விழுந்ததைக்கூட அன்றைக்கே சொன்னவள். இப்போது மட்டும் என்ன? நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு.

வில்சன் தனியாக இல்லை, அதையும் கவனித்தேன். எம். ஜே. லாங் என்று அமெரிக்காவில் பிறந்த ஒரு பெண், அவருடைய மனைவி, அவரும் கட்டடக் கலைஞர். அந்த வேலையில் வருஷக்கணக்காகக் கூடவே நின்றிருக்கிறார். கல்யாணப் பேச்சை எடுக்கிறேன் என்று நினைக்காதே, சத்தியமாக இல்லை. மனசில் இருப்பதைச் சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும் என்கிறேன். உன்னோடு படித்த அந்த மதுரைப் பெண் இப்போதும் பக்கத்தில்தானே இருக்கிறாள்? அவளிடமாவது பேசு. நேரத்துக்குச் சாப்பிடு.

ஊருக்கு வரவேண்டும் என்று தோன்றினால் வா. உன் அறை அப்படியேதான் இருக்கிறது. அங்கேயே இருந்து வேறு இடம் பார்க்கவேண்டும் என்றாலும் சரி. எது செய்தாலும் வரைந்ததை மட்டும் கிழித்துப் போட்டுவிடாதே, எனக்கு அனுப்பு, நான் பீரோவில் வைக்கிறேன்.

உன் பேரில் கட்டிவந்த நகைச்சீட்டு முடிந்தது. நகை வாங்கவில்லை. அந்தச் சீட்டு அளவுக்கு என் ஓய்வூதியத்திலிருந்து எடுத்து உன் கணக்கில் போட்டுவிட்டேன். மூன்று மாத வாடகைக்குக் காணும். ஏன் என்று கேட்காதே, நானும் எதுவும் கேட்கவில்லை. அப்பாவுக்குச் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா