கடற்கரைப் பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வாலிநோக்கம், மாரியூர், சாயல்குடி, திருப்பாலைக்குடி, மண்டபம், பாம்பன் என்று இந்தக் கரை நெடுக மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் சாயல்குடியில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறவள். பகலில் உங்களிடம் படிக்கிற பிள்ளைகள்தான் மாலையில் என்னிடம் வருகிறார்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் ஆவர்த்தன அட்டவணைப் பாடத்தைத் தொடங்கும் முன்னால், பிள்ளைகளை ஒரு நாள் உப்பளத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பார்த்ததை வைத்து அந்தப் பாடத்தையும், பின்னால் வரும் கார, காரமண் உலோகங்களையும், ஹாலஜன்களையும் நடத்துங்கள்.

பிள்ளைகள் அம்புக்குறிகளை நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இடமிருந்து வலம் போனால் அணு ஆரம் குறையும், மேலிருந்து கீழே வந்தால் கூடும், அயனியாக்கும் ஆற்றல் அதற்கு நேர்மாறு. கேட்டவுடன் சொல்கிறார்கள். சரி, மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் ஏன் தண்ணீர் விட்டுக்கொள்கிறது என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. இத்தனைக்கும் பாதிப் பேர் வீட்டில் அப்பாவோ அம்மாவோ உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

தண்ணீர் விடுவது சோடியம் குளோரைடு இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த மக்னீசியம் குளோரைடு. சோடியம் 11, மக்னீசியம் 12, அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து வீடு. சோடியம் ஒரு எலக்ட்ரானை இழக்கிறது, மக்னீசியம் இரண்டை இழக்கிறது. இரண்டிலும் மிஞ்சுவது பத்து எலக்ட்ரான்கள்தான். அந்தப் பத்தையும் ஒன்றில் 11 புரோட்டான்கள் இழுக்கின்றன, மற்றதில் 12. அதனால் சோடியம் அயனியின் ஆரம் சுமார் 102 பிக்கோமீட்டர், மக்னீசியம் அயனிக்கு 72தான். உருவம் சிறிது, மின்சுமை இரட்டிப்பு. தண்ணீர் மூலக்கூறுகளை அது பிடிக்கிற பிடி அவ்வளவு பலமானது: நீரேற்ற ஆற்றல், அதாவது தண்ணீர் மூலக்கூறுகள் அயனியைச் சூழ்ந்து ஒட்டும்போது வெளிப்படும் ஆற்றல், சோடியத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல். காற்றில் உள்ள ஈரத்தைக்கூட அது விட்டுவைப்பதில்லை. வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்துச் சில நாள் போட்டுவைத்தால் அடியில் கசிந்து ஓடுமே, அதில் பெருமளவு மக்னீசியம்தான் வெளியேறுகிறது. இந்தக் கசிவைப் பார்த்த பிள்ளைக்கு அயனி ஆரம் என்றால் என்ன என்று இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்தது, காரமண் உலோகங்களில் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுகிற ஓர் இடம். இரண்டாம் தொகுதியில் மேலிருந்து கீழே வரவர சல்பேட்டுகளின் கரைதிறன் குறைகிறது, ஹைட்ராக்சைடுகளின் கரைதிறன் கூடுகிறது. எது கூடும், எது குறையும் என்று பரீட்சை அறையில் குழம்பிப் போகிறார்கள். உப்பளத்தில் இந்த இரண்டையும் கண்ணால் பார்க்கலாம்.

கடல்நீர் உள்ளே வரும்போது, உப்புநீரின் அடர்த்தியை அளக்கிற டிகிரி மீட்டரில் சுமார் மூன்று காட்டும். பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டி, பதின்மூன்று டிகிரியை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்குகிறது. அதுதான் கால்சியம் சல்பேட். இருபத்தைந்தை ஒட்டி உப்பு பூக்கிறது. முப்பதை நெருங்கும்போது மிஞ்சிய கசப்புத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். மக்னீசியம் அதில்தான் இருக்கிறது, சல்பேட் அயனிகளும் அதில் நிறைய உண்டு. இருந்தும் அவை மக்னீசியத்தோடு சேர்ந்து கீழே படியவில்லை. கால்சியம் முதலிலேயே படிந்துவிட்டது, மக்னீசியம் கடைசிவரை கரைசலிலேயே நிற்கிறது. பாடநூலில் ஒரே வரியாக இருக்கிற கரைதிறன் வரிசை, அங்கே வரப்புக்கு வரப்பு தள்ளித் தள்ளிக் கிடக்கிறது. இதே வரிசையில் இன்னும் கீழே போனால் பேரியம் சல்பேட், கிட்டத்தட்டக் கரையவே கரையாது. பேரியம் அயனி நஞ்சாக இருந்தும், வயிற்று எக்ஸ்ரேவுக்கு முன்னால் பேரியம் சல்பேட்டைத் தைரியமாகக் குடிக்கக் கொடுப்பது அதனால்தான்.

அந்தக் கசப்புத் தண்ணீரில் ஒரு பாட்டில் கேட்டு வாங்கி வாருங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து, கொஞ்சம் கசப்புத் தண்ணீருக்குத் தாராளமாக ஊற்றிப் பாருங்கள். பால் திரிந்ததுபோல வெள்ளையாகத் திரளும். மக்னீசியம் ஹைட்ராக்சைடு. சல்பேட்டோடு இறங்க மறுத்த அதே மக்னீசியம், ஹைட்ராக்சைடாக உடனே இறங்கிவிடுகிறது. பக்கத்தில் இன்னொரு கண்ணாடிக் குவளையில் வெறும் சோடியம் குளோரைடு கரைசலை வைத்து அதிலும் அதே தெளிவை ஊற்றுங்கள், ஒன்றும் ஆகாது.

காரணத்தை இந்த இடத்தில் சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். சல்பேட் பெரிய அயனி. அதன் பக்கத்தில் நிற்கும் உலோக அயனி கொஞ்சம் பெரிதானாலும் படிகத்தின் பிணைப்பு பெரிதாக மாறாது, நீரேற்ற ஆற்றல் மட்டும் சரிந்துகொண்டே போகும். அதனால் கீழே வரவர கரைவது கடினமாகிறது. ஹைட்ராக்சைடு சிறிய அயனி. அங்கே உலோக அயனி பெரிதாகப் பெரிதாகப் படிகப் பிணைப்புதான் வேகமாகத் தளர்கிறது, அதனால் கரைவது எளிதாகிறது. அம்புக்குறி இரண்டு, காரணம் ஒன்று.

அப்புறம் இதையும் சொல்லுங்கள்: 1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஃப்ரீபோர்ட் என்ற ஊரில் டவ் நிறுவனம் கடல்நீரிலிருந்து மக்னீசிய உலோகம் எடுக்கத் தொடங்கியது. அதற்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கடலில் கிடைத்த சிப்பி ஓட்டைச் சுட்டுத்தான் எடுத்தார்கள். கடல்நீர், சிப்பி, வெயில் எல்லாம் நம் வாசலிலும் இருக்கின்றன. இந்தச் செய்தி நம் பிள்ளைகளுக்குப் பாடநூலுக்கு வெளியிலும் பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஹாலஜன்களுக்கும் அதே பாட்டில் போதும். 1826-இல் பிரான்சின் மான்பெலியே நகரில் பலார் என்ற இளைஞர், அங்குள்ள உப்பளத்தின் கசப்புத் தண்ணீரில் குளோரினைச் செலுத்தி, மஞ்சள் நிறம் எழுவதைப் பார்த்துத்தான் புரோமினைக் கண்டுபிடித்தார். குளோரின் புரோமைடிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. தொகுதியில் மேலே இருப்பதற்கு இழுவை அதிகம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எது? மூன்றே ஆண்டில், 1829-இல், ஜெர்மன் வேதியியலாளர் டாபரீனர் குளோரின், புரோமின், அயோடின் மூன்றையும் வரிசையாக வைத்து, அணு நிறையில் 35.5-க்கும் 127-க்கும் நடுவில் புரோமினின் 80 கிட்டத்தட்ட வந்து உட்காருவதைக் காட்டினார். மெண்டலீவின் அட்டவணைக்கு 40 ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. உப்பளக் கழிவுநீர் அட்டவணையின் வரலாற்றிலேயே இருக்கிறது. குளோரின் நீரைச் சேர்த்துக் காட்டுவதாக இருந்தால் காற்றோட்டமான இடத்தில், கொஞ்சமாக, நீங்களே செய்துகாட்டுங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

அயோடின் பற்றி ஒரு வார்த்தை. உப்பில் நம் நாட்டில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். அயோடைடு என்றால் ஈரத்திலும் வெயிலிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து அயோடினாகப் பறந்துவிடும். அயோடின் பெரிய அணு, வெளி எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடிப்பதில்லை, ஆக்சிஜனோடு சேர்ந்து +5 நிலைக்குப் போய்விடுகிறது. ஃபுளூரினால் அது முடியாது.

மன்னார் வளைகுடாவின் பவளத்தையும் விட்டுவிடாதீர்கள். பவளம் கால்சியம் கார்பனேட்டால் கூடு கட்டும்போது, அதே தொகுதியில் கீழே உள்ள ஸ்ட்ரான்சியமும் கொஞ்சம் கால்சியத்தின் இடத்தில் புகுந்துகொள்கிறது. அந்த அளவு கடலின் வெப்பத்தைப் பொறுத்து மாறுவதால், பழைய பவளத்தில் அதை அளந்து அன்றைய கடல் வெப்பத்தையே கணக்கிடுகிறார்கள். ஒரே தொகுதித் தனிமங்கள் ஒத்த பண்புடையவை என்ற வரிக்கு நம் தீவுகளே சான்று. ஆனால் கரையில் ஒதுங்கிய பவளத்தைப் பொறுக்கி வரச் சொல்லாதீர்கள், பவளம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. படம் போதும்.

பாடப்பகுதியை முடிக்கவே நாள் போதவில்லை என்பீர்கள். உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு நாள், பின்னால் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பல பாடவேளைகளை மிச்சப்படுத்தித் தரும்.

பள்ளி திறக்கும் ஜூனிலும் அதை அடுத்து வரும் ஜூலையிலும் உப்பளம் நல்ல ஓட்டத்தில் இருக்கும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தி முழுக்கத் தண்ணீர்தான். வாலிநோக்கம், மாரியூர் பக்கம் அரசின் தமிழ்நாடு உப்பு நிறுவனத்துக்கே அளம் இருக்கிறது. திருப்பாலைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அங்கேயே அளங்கள் உண்டு. முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி கேளுங்கள். விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறினால் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற ஒளி கண்ணைக் கூசும். எல்லோர் காலிலும் செருப்பு இருக்கட்டும், ஜிப்சம் படிந்த தரை காலைக் கிழிக்கும். மூடி இறுக்கமான பாட்டில் நான்கு கொண்டுபோய், கடல்நீர், ஜிப்சம் படிந்த பாத்தி நீர், உப்புப் பாத்தி நீர், கசப்புத் தண்ணீர் என்று எழுதி ஒட்டி எடுத்து வாருங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒவ்வொரு பாத்தியையும் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களில் சிலர் உங்கள் மாணவர்களின் பெற்றோராக இருப்பார்கள்.

அன்புடன்,
சாயல்குடியிலிருந்து ஒரு வேதியியல் பட்டதாரி