தொட்டியை உள்ளே தூக்காதே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய உன் செடித்தொட்டிகளின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "குளிர் ஆரம்பிச்சாச்சுப்பா, எல்லாத்தையும் வீட்டுக்குள்ள கொண்டுவந்துடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்மா. தொட்டிகள் வெளியிலேயே இருக்கட்டும். ஒன்றைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

இடது பக்கம் ரோஜாப்பூவை விரித்து வைத்தது போல இருக்கிறதே, அது செம்பர்விவம். மலைப்பாறை இடுக்கில் வளர்கிற ஜாதி. மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனாலும் தாங்கும். அதன் ஒரு வகைக்குத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயரில் 'டெக்டோரம்' என்று ஒரு சொல் வரும். கூரைகளுக்கு உரியது என்று பொருள். சுமார் 1200 வருஷத்துக்கு முன்பே ஐரோப்பாவை ஆண்ட சார்லமேன் அரசர், தோட்டக்காரன் தன் வீட்டுக் கூரைமேல் இதை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு எழுதியிருக்கிறார். கூரையில் பனியையும் வெயிலையும் பார்த்த செடிக்கு உன் வரவேற்பறை எதற்கு? கதகதப்பும் மங்கின வெளிச்சமும் சேர்ந்தால், வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டி வெளுத்து, கடைசியில் அழுகிப் போகும்.

அதைக் கொல்வது குளிர் இல்லை, ஈரம். வேருக்குக் காற்று வேண்டும். குளிரில் செடி தண்ணீரை இழுக்காது. ஊற்றினது ஊற்றினபடி மண்ணில் நிற்கும், வேர் மூச்சுமுட்டி அழுகும். நான் முதல் வருஷம் பாசமாக ஊற்றி ஊற்றி ஏழு தொட்டியைக் காலி பண்ணினேன். உன் அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

இன்னொன்றும் செய்தேன். தொட்டிக்கு அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். வடியாது. மண்ணும் கல்லும் சேரும் இடத்தில் ஈரம் மேலேயே தங்கி நிற்கும், வேர் இருக்கிற மண்தான் சதசதவென்று ஆகும். கல்லை அடியில் போடாதே, மண்ணிலேயே கலந்துவிடு. ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கரகரப்பான பொடிச் சரளை. நைஸ் மணல் வேண்டாம், அது இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். மேலே, இலை மண்ணைத் தொடுகிற இடத்தில், விரல் கனத்துக்குச் சரளை தூவு. அந்தக் கழுத்துப் பகுதி காய்ந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. உரம் வேண்டாம். கொழுத்து வளர்ந்த இலை குளிருக்கு நிற்காது.

நடுத்தொட்டியில் வெள்ளை நூல் பின்னினது போலத் தெரிகிறதே, அதை ஒட்டடை என்று துடைத்து வைக்காதே! அதுவும் செம்பர்விவம்தான், அந்த வகைக்கு இலை நுனியிலிருந்தே அப்படி இழை வரும். ஆனால் இலை இடுக்கில் பஞ்சுப் பொட்டுப் பொட்டாக, பிசுபிசுப்பாக இருந்தால் அது மாவுப்பூச்சி. கிட்டத்தில் போய்ப் பார், வித்தியாசம் தெரியும்.

ஓரத்தில் இருக்கிற சப்பாத்திக்கள்ளி பனிக்காலத்தில் சுருங்கி, தொய்ந்து, தரையோடு படுத்துவிடும். பயந்து பிடுங்கிவிடாதே. உள்ளே தண்ணீர் இருந்தால் உறைந்து திசுவைக் கிழிக்கும், அதனால் தானே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறது. வெயில் திரும்பினதும் நிமிர்ந்துகொள்ளும்.

செம்பர்விவம் எதிலாவது நடுக்குருத்து கோபுரம் போல உயர்ந்தால் பூக்கப்போகிறது என்று அர்த்தம். பூத்த கொத்து செத்துப்போகும். குலை தள்ளின வாழை மாதிரிதான், சுற்றிக் கன்றுகள் இருக்கும். பூத்தண்டு காய்ந்ததும் முறுக்கி எடுத்துவிட்டு, வசந்தத்தில் கன்றுகளைக் கிள்ளி வேறு சரளையில் வை. வேர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பிடித்துக்கொள்ளும்.

இப்போது அந்த ஒன்று. வலது கோடியில் நீலச் சாம்பல் நிறத்தில், இலை தடித்து, மாவு பூசினாற்போல ஒரு செடி. பார்க்க செம்பர்விவத்தின் தங்கை போல இருக்கும். எனக்கு அது எச்செவேரியா என்று படுகிறது. உறைபனி பட்டால் ஒரே இரவில் கூழாகிவிடும். இலை ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். பொடி மயிர் வரிசை தெரிந்தால் பெரும்பாலும் செம்பர்விவம், வெளியிலேயே விடு. ஓரம் வழுவழுப்பாக இருந்தால் இன்று ராத்திரிக்குள் உள்ளே கொண்டுவந்து, நல்ல வெயில் விழுகிற ஜன்னலில் வை.

மற்ற தொட்டிகளைக் கூரைத் தண்ணீர் கொட்டாத சுவரோரம் நகர்த்தி, அடியில் இரண்டு ஓட்டுச்சில்லு கொடுத்துத் தூக்கி வை. பூவாளியை எங்காவது ஒளித்து வைத்துவிடு. அந்த நீலச்செடியின் இலை ஓரத்தை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு, நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா