நட்பு ஆட்டம்தானே என்று விட்டுவிடாதீர்கள்: கோல்ஃப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். சீசன் முடிவில் நடக்கும் அணி ஆட்டத்தில் மனக்கசப்பு வருகிறதென்றால், யாரும் முரட்டுத்தனமாக ஆடியதால் வருவதில்லை. "நட்பு ஆட்டம்தானே, அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம்" என்று விட்டதால் வருகிறது. முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) நான்கு பேர் நின்றுகொண்டு ஹேண்டிகேப் (திறமை வித்தியாசத்தைச் சமன்செய்யக் கொடுக்கும் சலுகை ஸ்ட்ரோக், அதாவது அடி) கணக்குப் போட, பின்னால் அடுத்த நான்கு பேர் கைகட்டிக் காத்திருக்கும் காட்சி உங்களுக்கும் பழக்கமானதுதான். எங்கள் கோரிக்கை ஒன்றே. நிபந்தனைகளை ஒரே தாளில் எழுதி, இரண்டு நாள் முன்பே இரு கேப்டன்கள் கையிலும் சேர்த்துவிடுங்கள்.

அதிகம் குழம்புவது ஹேண்டிகேப்பில்தான். வீரர் கொண்டுவருவது இண்டெக்ஸ், அதாவது எந்த மைதானத்துக்கும் பொதுவான அவரது திறமை எண். ஆட வேண்டியது கோர்ஸ் ஹேண்டிகேப்பில், அதாவது அன்றைய மைதானத்துக்கு ஏற்ப மாற்றிய எண்ணில். இண்டெக்ஸை ஸ்லோப்பால் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்ற எண்) பெருக்கி, சராசரி ஸ்லோப்பான 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து (தேர்ந்த ஆட்டக்காரருக்கு அங்கே ஆகும் அடிகள்) பாரை (மைதானத்துக்கு வகுத்த அடிகள்) கழித்து வருவதைக் கூட்ட வேண்டும். இண்டெக்ஸ் 15.4, ஸ்லோப் 128, ரேட்டிங் 71.3, பார் 72 என்றால் 17.44-இல் 0.7 குறைந்து 16.74 வரும், அதாவது 17. விருந்தினர் அணிக்கு இந்த எண்ணை நீங்களே போட்டுக் கொடுங்கள். அவர்கள் தங்கள் சொந்த மைதானத்து எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

ஃபோர்பால் மேட்ச் ப்ளேயில் (இருவர் இருவராக ஆளுக்கொரு பந்து ஆடி, ஜோடியின் சிறந்த ஸ்கோரை வைத்து ஹோலுக்கு ஹோல் வெல்வது) ஒவ்வொருவருக்கும் கோர்ஸ் ஹேண்டிகேப்பில் 90 விழுக்காடு. இங்கே வரிசை முக்கியம். கோர்ஸ் ஹேண்டிகேப் 6, 12, 18, 24 உள்ள நால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 90 விழுக்காடு எடுத்தால் 5, 11, 16, 22. பிறகு குறைந்தவரைப் பூஜ்யமாக்கினால் 0, 6, 11, 17. இதுவே சரி. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் கழித்து, பிறகு 90 விழுக்காடு எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் 0, 5, 11, 16 என்று வந்து இரண்டு பேருக்கு ஆளுக்கொரு ஸ்ட்ரோக் போய்விடும். ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 6 ஹோலில் (ஸ்ட்ரோக் கொடுக்கும் வரிசையில் ஆறாவது ஹோல்) அந்த ஒன்று கிடைக்குமா கிடைக்காதா என்று நடு ஃபேர்வேயில் (டீக்கும் ஹோலுக்கும் இடையே வெட்டிய புல்வெளி) நின்று வாதாடுவதைவிட, ஸ்ட்ரோக் கிடைக்கும் ஹோல்களுக்கு ஸ்கோர் கார்டிலேயே புள்ளி வைத்துக் கொடுத்துவிடலாம். ஃபோர்சம்ஸில் (ஜோடி ஒரே பந்தை மாறி மாறி அடிப்பது) கணக்கு எளிது: இரு ஜோடிகளின் கூட்டுத்தொகைகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் பாதி. மேலே சொன்ன நால்வரில் 6-உம் 18-உம் ஒரு ஜோடி, 12-உம் 24-உம் மறு ஜோடி என்றால், 24-க்கும் 36-க்கும் வித்தியாசம் 12. இரண்டாம் ஜோடிக்கு 6 ஸ்ட்ரோக்.

உண்மையை விடக் கூடுதலான ஹேண்டிகேப்பைச் சொல்லி, அதனால் ஸ்ட்ரோக் எண்ணிக்கை மாறினால் தகுதிநீக்கம். குறைத்துச் சொன்னால் தண்டனை இல்லை, ஆனால் குறைந்த அந்த எண்ணிலேயே ஆட வேண்டும். நட்பு ஆட்டத்தில் யாரையும் தகுதிநீக்கம் செய்ய எவருக்கும் மனம் வராது. எண்களை முன்கூட்டியே அச்சடித்துவிட்டால் அந்தச் சங்கடமே இல்லை.

அடுத்தது வெளிச்சம். 24 பேர் ஃபோர்பால் ஆடினால் ஆறு குழுக்கள். பத்து நிமிட இடைவெளியில் அனுப்பினால் கடைசிக் குழு 50 நிமிடம் கழித்துத்தான் புறப்படும். ஈரத் தரையும் உதிர்ந்த இலையும் உள்ள பருவத்தில் ஒரு சுற்றுக்கு நாலரை மணி நேரம் வையுங்கள். மொத்தம் 5 மணி 20 நிமிடம். சூரியன் 5.30-க்கு மறைகிறதென்றால், அரை மணி நேரம் கையிருப்பாக விட்டு, முதல் டீ 11.40-க்குப் பிந்தக் கூடாது. மதிய உணவை முன்னால் வைத்து ஆட்டத்தைப் பின்னால் தள்ளுகிறவர்கள்தான் கடைசி மூன்று ஹோல்களை இருட்டில் ஆட வைக்கிறார்கள். உணவைப் பின்னால் வையுங்கள், அல்லது ஃபோர்சம்ஸுக்கு மாற்றுங்கள். நான்கு பந்துக்குப் பதில் இரண்டே பந்து என்பதால் வேகமாக நகரும். இருட்டி நின்றுவிட்டால் கடைசியாக முடிந்த ஹோலின் நிலவரமே முடிவு என்றும், சமமாக முடிந்தால் ஆளுக்கு அரைப் புள்ளி, கூடுதல் ஹோல் கிடையாது என்றும் தாளில் எழுதிவிடுங்கள்.

தரையைப் பற்றி ஒரு சொல். நாள் குறிக்கும் முன் மைதானப் பராமரிப்பாளரைக் கேளுங்கள். கிரீனில் (ஹோலைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) துளையிட்டு மணல் பரப்பிய மறுவாரம் ஆட்டம் வைத்தால், பட் செய்வது (பந்தை ஹோலை நோக்கி உருட்டுவது) கேலிக்கூத்தாகிவிடும். ஃபேர்வே சேறாக இருந்தால் பந்தை எடுத்துத் துடைத்து வைக்கும் உள்ளூர் விதி போடலாம். ஆனால் "துடைத்து வைக்கலாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. எவ்வளவு தூரத்துக்குள் (ஆறு அங்குலமா, ஒரு கிளப் நீளமா), ஹோலுக்கு அருகில் நகராமல், ஃபேர்வே அளவுக்கு வெட்டிய புல்லில் மட்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஒரு முறை வைத்தால் பந்து ஆட்டத்தில் இருக்கிறது. பிடிக்கவில்லை என்று மறுபடி நகர்த்த முடியாது. இலைக்குவியல் அதிகமுள்ள ஹோல்களில், அந்தப் பகுதியைப் பழுதுபார்ப்பு நிலமாக (தண்டனையின்றிச் சலுகை கிடைக்கும் இடமாக) அறிவிக்கவும் விதியில் இடமுண்டு. எந்தெந்த ஹோல் என்று எண்ணைக் குறிப்பிடுங்கள். அறிவிக்காவிட்டால், மூன்று நிமிடம் தேடியும் கிடைக்காத பந்து தொலைந்த பந்துதான்.

இனி, பலரும் அறியாமல் செய்யும் ஒரு தவறு. "பட்டர் (பட் செய்யும் கிளப்) பிடி நீளத்துக்குள் இருந்தால் எல்லாம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்", அதாவது அடிக்காமலே ஹோலில் விழுந்ததாகக் கொள்வோம், என்று முதல் டீயிலேயே பேசிக்கொள்கிறார்கள். தயவுசெய்து இதை உங்கள் தாளில் எழுதிவிடாதீர்கள். குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள பட்களையெல்லாம் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்ய விதி அனுமதிப்பதில்லை. தெரிந்தே ஒத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் தகுதிநீக்கம். ஒவ்வொரு பட்டையும் அந்தந்த நேரத்தில், எதிராளி வாய்திறந்து கொடுக்க வேண்டும். 1969 ரைடர் கோப்பையில் (அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய அணிப் போட்டி), ராயல் பர்க்டேல் மைதானத்தின் கடைசி கிரீனில் அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்கு ஒரு பட் விட்டுக்கொடுத்து மொத்த ஆட்டம் 16-16 ஆனதே, அதுவும் அப்படி அந்த இடத்தில் எடுத்த முடிவுதான். கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஃபோர்பாலில் இன்னொரு கண்ணி இருக்கிறது: கொடுத்த பிறகும் "சும்மா" பட் செய்து, அது பார்ட்னருக்குப் பந்து உருளும் பாதையைக் காட்டிக் கொடுத்தால், அந்த ஹோலில் பார்ட்னரின் ஸ்கோர் செல்லாது.

ஃபோர்சம்ஸ் வைத்தால், ஒற்றைப்படை ஹோல்களில் யார் டீ ஆஃப் (முதல் அடி), இரட்டைப்படையில் யார் என்பதை ஜோடிகள் முன்பே முடிவு செய்யட்டும். பார் 3 ஹோல்கள் எந்தப் பக்கம் அதிகம் விழுகின்றன என்று கார்டைப் பார்த்து, இரும்புக் கிளப்பால் நன்றாக அடிப்பவருக்கு அதைக் கொடுப்பது நல்லது. தண்டனை ஸ்ட்ரோக் விழுந்தால் முறை மாறாது. முறை தவறி அடித்தால் அந்த ஹோல் போச்சு. தற்காலிகப் பந்தை (முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று அடிக்கும் பந்து) அடிக்க வேண்டியவரும் பார்ட்னர்தான். இதில் பழைய கைகளே சறுக்குகின்றன.

யாராவது தாமதமாக வந்தால் ஃபோர்பால் தாங்கும். ஒருவர் தனியே தொடங்கலாம். வருபவர், எந்தத் தரப்பிலும் யாரும் அடிக்கத் தொடங்காத ஹோலிலிருந்து சேரலாம். ஃபோர்சம்ஸில் அந்த வசதி இல்லை. எனவே ஒவ்வொரு அணிக்கும் ஒரு மாற்று வீரரின் பெயரும் ஹேண்டிகேப்பும் தாளின் அடியில் இருக்கட்டும். ஆட்ட வரிசையை இரு கேப்டன்களும் மூடிய உறையில், ஒரே நேரத்தில், முதல் டீக்கு ஒரு மணி நேரம் முன்பு உங்களிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அணி ஆட்டங்களில் கார்டு எழுதும் சிலர்