சுமை ஏறும்போது அணைகிற கணினி

செம்பூர், மும்பை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து உன் கணினியில் எந்த விளையாட்டும் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுவதில்லை என்று அக்கா சொன்னாள். புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு அம்மா உன்னிடம் பேசிக்கொண்டிருந்தபோதும் அது அணைந்துபோய் நீ சலித்துக்கொண்டாயாம். வேலைநாளில் அந்த நேரத்தில் நீ ஏன் அறையில் இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. கார்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு திரை திரும்ப வருகிறதா, அல்லது மின்சாரம் போனதுபோல் கணினி முழுவதுமே அணைந்து தானாகத் தொடங்குகிறதா என்பதை முதலில் பிரித்துப் பார். விண்டோஸ் குறித்துவைக்கும் பதிவுகளைக் காட்டுகிற ஈவென்ட் வியூவரில் அந்த நிமிடத்தைத் தேடு. டிஸ்பிளே 4101 என்று பதிவாகியிருந்தால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் அதற்காக இரண்டு நொடிதான் பொறுத்திருக்கும். அப்போது பழைய டிரைவரின் மிச்சங்களைச் சந்தேகப்படு. இணையத்தைத் துண்டித்து, விண்டோஸை அடிப்படை நிலையில் மட்டும் தொடங்கும் சேஃப் மோடில், டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைக் கொண்டு எல்லாவற்றையும் துடைத்த பிறகே புதிய டிரைவரைப் போடு. கெர்னல் பவர் 41 மட்டும் இருந்தால், கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதைத்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆனாலும் விளையாடும்போது மட்டும் அப்படி நிற்கிறது என்றால், கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தருகிற எஸ்எம்பிஎஸ் பெட்டியில்தான் நான் முதலில் கை வைப்பேன்.

உன் பழைய 1050 டிஐ கார்டுக்குத் தனி வயரே தேவைப்படவில்லை. மதர்போர்டின் ஸ்லாட் தருகிற 75 வாட் அதற்குப் போதுமானதாக இருந்தது. இப்போது நீ போட்டிருக்கும் 3070 கார்டு 220 வாட் இழுக்கும், கணப்பொழுதுக்கு அதற்கு மேலும் இழுக்கும். அதற்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க, உன்னுடையது இன்னும் 450தானாம். கார்டில் எட்டு முனை சாக்கெட் இரண்டு இருந்தால், ஒரே கேபிளின் இரண்டு தலைகளையும் அதில் செருகாமல் இரண்டு தனிக் கேபிள்களைக் கொண்டு வா. வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதே. முனைகளின் வரிசை மாறியிருந்தால் கார்டு கருகிவிடும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே கேபினட்டைத் தொட வேண்டும்.

செலவு செய்வதற்கு முன் ஒன்று செய்யலாம். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது இழுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பை, 70 சதவீதத்துக்கு இறக்கி ஒரு மணி நேரம் விளையாடிப் பார். அப்போது அணையவில்லை என்றால் என் சந்தேகம் பெரும்பாலும் சரி.

இவை உனக்குத் தெரியாதவை அல்ல. நான் இரண்டு நாள் தேடியும் அகப்படாத மஞ்சள் ஸ்டெபிலைசரின் பழுதை எட்டாம் வகுப்பில் கண்டுபிடித்தவன் நீ. அப்படிப்பட்டவன் 450 வாட்டில் இந்தக் கார்டை மாட்டலாமா? அக்காவிடம் சொன்னதை என்னிடமும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

நீ ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். போன மாதம் மேல்பரணைச் சுத்தம் செய்தபோது உன் பழைய கேபினட்டை இறக்கினேன். எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட், 18 ஆம்பியர். கார்டும் பிராசசரும் இழுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். பெருக்கினால் 216 வாட்தான். 2018-இல் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் நீ வாங்கிய ஆர்எக்ஸ் 580 கார்டுக்கு மட்டுமே 185 வாட் வேண்டும், பிராசசருக்கு 65. அது எப்படித் தாங்கியிருக்கும்? அன்றைக்கு, படிக்கும்போது அணையாத கணினி விளையாடும்போது மட்டும் அணைகிறது, ஆகவே குற்றம் விளையாட்டில்தான் என்று பாண்டுப் மாமாவின் முன்னால் உன்னைக் கத்தினேன். மறுநாளே அந்தக் கார்டை லேமிங்டன் ரோட்டில் பாதி விலைக்கு விற்றுவிட்டு வந்தேன். உன் கையில் ஒரு பிழையும் இல்லை, தம்பி. மலிவாகக் கிடைத்ததென்று அந்த எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி வந்தவன் நான். பெயர்த்தகட்டைப் படிக்காமல் எந்த மோட்டாருக்கும் லைன் கொடுக்காதே என்று இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பையன்களைக் கடிந்துகொண்டவன், வீட்டில் அதைப் படிக்கவில்லை. அதற்குப் பிறகு நீ எந்தப் பழுதையும் என்னிடம் கொண்டு வரவில்லை.

நேற்று லேமிங்டன் ரோட்டில் 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கினேன். இந்த முறை தகட்டைப் படித்துவிட்டேன்: 12 வோல்ட்டில் 54 ஆம்பியர். கூரியரில் அனுப்புகிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடாதே. மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிக்கொள். பழையதைத் திறந்து பார்க்காதே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

பவர் லிமிட்டை இறக்கியபோது ஓடியதா என்பதை மட்டும் எனக்குச் சொல். பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் நான் எடுப்பேன், வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா