படம் போட்ட புத்தகங்கள் பற்றி மகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, பேத்திக்கு ஒன்பது வயதாகியும் படம் போட்ட புத்தகங்களைத் தவிர வேறெதையும் தொடுகிறாள் இல்லை என்று நீ குறைப்பட்டுக்கொண்டாய். நான் பதில் சொல்லாமல் தொலைபேசியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பதில் இருந்தது, சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. உனக்கும் அதே வயதில், நீ கட்டிலின் கீழ் அடுக்கி வைத்திருந்த அம்புலிமாமா இதழ்களை, "இனி எழுத்துள்ள புத்தகம் வாசி" என்று சொல்லி, பழைய பேப்பர், போத்தல் வாங்க வந்தவரின் தராசில் ஏற்றியவன் நான். நீ அழவில்லை. கிலோ என்ன விலை என்று மட்டும் அவரிடம் கேட்டாய்.

நில அளவைத் திணைக்களத்தில் 33 ஆண்டுகள் படவரைஞனாக இருந்து, கோடு கீறியே குடும்பத்தைப் பார்த்த ஒருவன், படமுள்ள புத்தகம் சிறுபிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று எப்படி நம்பியிருந்தான் என்பது இன்று எனக்கே விளங்கவில்லை. ஓய்வு பெற்ற பின்னர்தான் கண் திறந்தது, அதுவும் தற்செயலாக. மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் பழைய புத்தகக் கடைகள் உனக்கு நினைவிருக்கும். உயர்தரப் பரீட்சையின் பழைய வினாத்தாள்களைத் தேடி நாம் இருவரும் வியர்வையோடு அலைந்த இடம். அங்கே ஒரு மழை நாளில் ஒதுங்கி நின்றபோது, ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் எழுதிய இலங்கை வரலாற்று நூலின் மறுபதிப்பு ஒன்று கையில் அகப்பட்டது.

அவர் 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டதும், இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்ததும், 1679 இல் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்ததும் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தவைதான். ஆனால் 1681 இல் லண்டனில் வெளிவந்த அந்த நூலில் இருக்கும் படங்களை எந்த ஆசிரியரும் எனக்குக் காட்டியதில்லை. ஒரே ஒரு தாளிப்பனை ஓலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கும் மனிதன் ஒரு படத்தில் நிற்கிறான். இன்னொன்றில் குற்றவாளியை யானையைக் கொண்டு கொல்கிறார்கள். வரைந்தவர் இந்த நாட்டைக் கண்ணால் காணாமல், யாரோ சொல்லச் சொல்லக் கோடிழுத்தவர் போலத்தான் எனக்குத் தெரிகிறது. அந்தக் கோணல்தான் என்னை அன்று இரவு பதினொரு மணி வரைக்கும் விழித்திருக்க வைத்தது.

அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் ரொபர்ட் ஹூக். அவர் யாரென்று தேடிப் போனால், 1665 இல் நுணுக்குக்காட்டியால் பார்த்தவற்றைப் படமாக்கி வெளியிட்ட அதே மனிதர். மடித்து வைத்த தாளை விரித்தால், புத்தகத்தைவிடப் பெரிய ஒரு தெள்ளு, மயிர் மயிராகக் கால்களோடு வந்து நிற்கிறது. 1666 இல் லண்டன் எரிந்த பின்னர் அந்நகரத்தை அளந்தவர்களிலும் அவர் ஒருவர் என்று அறிந்தபோது, திணைக்களத்துப் பழைய ஆள் ஒருவரைத் தெருவில் கண்டதுபோல இருந்தது.

அதைவிடப் பெரிய ஆச்சரியத்தை, என்னோடு வேலை செய்த ஒரு நண்பர் இரவல் தந்தார். ஒலிவர் பேர்ன் என்பவர், பழைய கிரேக்கக் கேத்திரகணித அறிஞர் யூக்கிளிட்டின் முதல் ஆறு நூல்களை 1847 இல் நிறங்களால் திரும்ப எழுதியிருக்கிறார். தன் பெயருக்குக் கீழே, தான் போக்லந்துத் தீவுகளின் நில அளவையாளர் என்று அச்சிட்டிருக்கிறார். பார், இதிலும் எங்கள் ஆள். கோணம் ABC, பக்கம் BC என்று பெயர் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, பேசப்படும் கோணத்தையே சிவப்பிலோ மஞ்சளிலோ நீலத்திலோ வரியின் நடுவில் சின்னதாக வரைந்துவிடுகிறார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிட வேண்டியிருந்த காலத்தில் இதைச் செய்யத் துணிந்தவரை நினைத்து, நான் உருப்பெருக்கியை எடுத்து ஒவ்வொரு நிறமும் முடியும் ஓரத்தைப் பார்த்தேன். பைதகரசின் தேற்றம் முதல் நூலில் நாற்பத்தேழாவது எடுப்பாக, அதாவது நிறுவிக் காட்டும் கூற்றாக, வருகிறது. அதை நான் பாடமாக்கியே சித்தியடைந்தவன். சிறிய சதுரங்கள் இரண்டும் பெரிய சதுரத்துக்குள் எப்படி அடங்குகின்றன என்பதை எழுபது வயதில், சாப்பாட்டு மேசையில்தான் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். உன் அம்மா தேநீரை வைத்துவிட்டு, "பிள்ளையிடம் பறித்ததை இப்போது நீங்கள் பார்க்கிறீர்கள்" என்றாள்.

உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம், லண்டனில் ஓர் உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டப் போய், இரண்டு மாதம் அங்கே இருந்து கண்டவற்றைத் தன் ஊர்க் கண்ணால் வரைந்த புத்தகம். சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்டது. அவருக்கு விமானம் இறகு முளைத்த யானை. பிக் பென் மணிக்கூடு, ஊரில் நேரம் சொல்லும் சேவல். 30 ஆம் இலக்க பஸ் வண்டி, வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும் நாய். நீ அந்த நகரத்துக்குப் போன முதல் வருடத்தில் எழுதிய கடிதங்களில் குளிரும் வாடகையும் மட்டும்தான் இருந்தன. இந்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகே, நீ எழுதாமல் விட்டது எவ்வளவாக இருக்கும் என்று யோசித்தேன்.

மருதானைக்குப் போகும்போதெல்லாம் பழைய அம்புலிமாமா இருக்கிறதா என்றும் கேட்கிறேன், இதுவரை இல்லை.

மேல் மாடியில் இருப்பவர் அடுத்த மாதம் மகனைப் பார்க்க லண்டன் வருகிறார். இரண்டு கிலோ கொண்டுவரலாம் என்கிறார். அதில் ஒரு கிலோ வறுத்த மிளகாய்த்தூளுக்கு என்று அம்மா முடிவு செய்துவிட்டாள், குறைக்க மாட்டாளாம். மிச்ச ஒரு கிலோவுக்குள் இரண்டு புத்தகங்கள் அடங்குமா என்று நாளைக்குக் காலி வீதிக் கடையில் நிறுத்துப் பார்க்கப் போகிறேன். அடங்காவிட்டால் எதை முதலில் அனுப்புவது என்று பேத்தியிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா