கடைசிப் பந்திக்கும் இலை போடுங்கள்

சென்னையில் ஓட்டமும் சைக்கிள் சவாரியும் நடத்துகிற அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. காலை எட்டு இருபது. என் அம்மா ஐந்து கிலோமீட்டரை முடிக்க இன்னும் ஐம்பது அடிதான் பாக்கி. எதிரே நின்ற காற்றடைத்த பெரிய வளைவு மெல்ல முன்பக்கம் சாய்ந்து, மடிந்து, அப்படியே தரையில் படுத்துவிட்டது. இரண்டு பையன்கள் அதன்மேல் ஏறி மிதித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். “பந்தல் பிரிக்கிற நேரத்துல கல்யாணத்துக்கு வந்துட்டோம்டா” என்றார். பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவன் துணியை ஒரு பக்கமாக இழுத்து, “பாட்டி, இந்தப் பக்கமா வாங்க” என்றான். பாட்டியும் அந்தப் பக்கமாக வந்து ஓட்டத்தை முடித்தார்.

அது எந்த நிகழ்ச்சி என்று எழுதப் போவதில்லை. ஒரே ஓர் இடத்தில் நடந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் ஓட்டக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் ரகம் கிடையாது. பத்து கிலோமீட்டரை ஒரு மணி இருபது நிமிடத்துக்குக் குறைவாக முடித்ததில்லை. ஆனால் கொரோனாவுக்கு முன்பிருந்தே உங்கள் நிகழ்ச்சிகளுக்கு வீட்டோடு வருகிறவன். மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், அறுபத்து நாலு வயது அம்மா, கூடவே கல்லூரிக் கால நண்பனும் அவன் வீட்டாரும். எங்களுக்கு இது பந்தயமே இல்லை. வருடத்தில் நாலைந்து முறை வருகிற ஒரு பண்டிகை.

அந்தப் பண்டிகையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றரை மணிக்கு அலாரம். அம்மா அதற்கும் முன்னாலேயே எழுந்து ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றி வைத்திருப்பார். நாலரைக்கு நண்பன் குடும்பம் வாசலில். கடற்கரை போய்ச் சேர்ந்ததும் தெருவிளக்குக்குக் கீழே நின்று ஒருவர் மார்பில் ஒருவர் பிப் (ஓட்ட எண் அச்சிட்ட தாள்) குத்திக்கொள்வோம். உறையில் நாலு ஊக்கு இருக்க வேண்டிய இடத்தில் எப்படியும் யாருக்காவது இரண்டுதான் இருக்கும். அம்மாவின் கழுத்துச் சங்கிலியில் எப்போதும் ஐந்தாறு ஊக்கு தொங்கும். முன்பின் தெரியாதவர்கள்கூட வரிசையில் வந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். புடவைமேல் நிகழ்ச்சி டி-ஷர்ட், காலில் மகள் தேர்ந்தெடுத்த ஊதா நிற ஷூ, கையில் சுருக்குப் பை. அம்மாவின் ஓட்டச் சீருடை அதுதான்.

அப்புறம் அந்தச் சாலை. காமராஜர் சாலையில் வண்டியே இல்லாத நேரத்தில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் முறை வந்தபோது என் மகள் ஓரத்திலேயே நடந்தாள். “நடுவுல வாடா” என்று கூப்பிட்டேன். “நடு ரோட்லயா? திட்டமாட்டாங்களா?” என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து ‘ஓரமாப் போ’ என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை. நடுக்கோட்டின் மேல் கையை விரித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியவள், உழைப்பாளர் சிலைக்கு எதிரே நின்றுவிட்டாள். “அப்பா, நாலு பேர் இருக்காங்க” என்றாள். பாறையை நெம்புகிற அந்த மனிதர்களை தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-இல் அங்கே நிறுவினார்கள். இருபது வருடமாக அந்த வழியாகப் பேருந்தில் போய் வந்திருக்கிறேன். எத்தனை பேர் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. பேருந்து வேகத்தில் எண்ணவும் முடியாது.

இதையெல்லாம் கொடுத்தது நீங்கள்தான். இரவு இரண்டு மணிக்கே வந்து தடுப்பு போட்டு, தண்ணீர் கேன் இறக்கி, போலீஸ் அனுமதிக்கு மாதக்கணக்கில் அலைந்து கொடுத்தது. அந்த நன்றியோடுதான் சண்டைக்கு வருகிறேன்.

சண்டை நேரத்தைப் பற்றியது. உங்கள் அட்டவணைகளைக் கொஞ்சம் பாருங்கள். மராத்தான் நாலு மணிக்கு, அதில் பாதி தூரமான ஹாஃப் ஐந்துக்கு, பத்து கிலோமீட்டர் டென் கே ஆறுக்கு. ஐந்து கிலோமீட்டர் ‘ஃபேமிலி ரன்’ மட்டும் ஏழுக்கு. 42.195 கிலோமீட்டர் ஓடுகிறவர் இருட்டிலேயே தொடங்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஜனவரியில் சென்னையில் ஆறரை மணிக்கு வெயில் வந்துவிடுகிறது. கடற்கரைப் புழுக்கத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி எடுத்து, இடுப்பில் உப்பு மாத்திரை கட்டிக்கொண்டு வருகிற முப்பது வயதுக்காரருக்கு விடியற்காலைக் குளிர்ச்சி. எட்டு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் ஏழு மணி வெயில். யார் போட்ட கணக்கு இது?

அதுவும் ஏழு மணி சரியாக ஏழாக இருப்பதில்லை. அன்று டென் கே பரிசளிப்பு முடிய வேண்டும், விருந்தினர் பேச வேண்டும், பிறகுதான் கொடி. ஏழு ஐந்துக்குக் கிளம்பினோம். சாலையை எட்டு மணிக்குத் திறந்துவிட வேண்டும் என்பது நீங்கள் வாங்கிய அனுமதி. ஐந்து கிலோமீட்டரை நடந்து முடிக்க அம்மாவுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதாவது, கிளம்பும்போதே கடைசி ஒரு கிலோமீட்டரை ஆட்டோக்களுக்கு நடுவில் நடக்கும்படி எழுதி வைத்துவிட்டீர்கள். மூன்றாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசை இருந்தது, கேன் கவிழ்ந்திருந்தது. நசுங்கிய பேப்பர் கப்புகளின் மேல்தான் நடந்து போனோம். முடிவில் மெடல் தீர்ந்துவிட்டது, கூரியரில் வரும் என்றார்கள். வரவில்லை. நான் மறந்துவிட்டேன். மகள் மறக்கவில்லை.

அம்மா தண்ணீருக்கோ மெடலுக்கோ ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று மட்டும் சொன்னார். “எங்க ஊர்ல சைக்கிள் பழகினப்ப யாரும் எங்களை அவசரப்படுத்தலடா.”

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், தன்னால் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக முடிவதும் கல்வியில் சேர்த்திதான் என்று நினைத்தவர். ஆயிரக்கணக்கில் பெண்கள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அதுவே நல்லது என்று சொன்னவர்களும் உண்டு. பாரில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாமே!

எனக்கு அப்போது எட்டு வயது. சாயங்காலம் அம்மா மணிக்கணக்கு வாடகை சைக்கிள் எடுத்து வருவார். கண்மாய்க் கரையில் அவர் மிதிக்க, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் வேலை. விட்டுவிடாதே என்று கத்திக்கொண்டே போவார். நான் எப்போதோ விட்டுவிட்டிருப்பேன். வாழ்க்கையில் நான் ஓடிய முதல் ஓட்டம் அதுதான். பிப் கிடையாது, டைமிங் சிப் கிடையாது. கரை முழுக்க இப்படி ஒரு பத்துப் பதினைந்து அம்மாக்கள், பின்னால் ஓடுகிற பிள்ளைகள். விழுந்தவரைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், விழுந்தவரும் சேர்ந்து சிரிப்பார். தூக்கி நிறுத்தியதும் மறுபடி ஏறுவார்கள். கடைசி ஆள் இறங்கும் வரை யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

அதனால்தான் சைக்கிள் சவாரிகளில் நீங்கள் செய்கிற ஒன்றை என்னால் சும்மா விட முடியவில்லை. ஈசிஆரில் நடந்த ஒரு சவாரிக்கு எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற அண்ணன் மகளையும் சேர்த்துப் பதிவு செய்யப் பார்த்தேன். பிளஸ் டூ படிக்கிற பெண். படிவத்தில் ‘உங்கள் சைக்கிள் வகை’ என்று ஒரு கேள்வி. ரோடு பைக், எம்டிபி, ஹைபிரிட். மூன்றில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போகாது. அவளிடம் இருந்ததோ பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். தமிழ்நாட்டில் இந்தச் சைக்கிள் போகாத தெரு உண்டா? வருடா வருடம் லட்சக்கணக்கில் பிள்ளைகளிடம் போய்ச் சேருகிற சைக்கிளுக்கு உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. ஹைபிரிட் என்று போட்டேன். பொய்தான்.

அன்று காலை சோதனை செய்த வாலண்டியர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். “பிரேக் நல்லா புடிக்குது, ஹெல்மெட் இருக்கு, போம்மா” என்றார். அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும். முதல் ஐந்து கிலோமீட்டரில் எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். திரும்பி வரும்போது கதை மாறிவிட்டது. முன்னால் கூடை வைத்த சைக்கிள் அந்தக் கூட்டத்தில் அவளிடம் மட்டும்தான். நாலு தண்ணீர் பாட்டில், ஒரு சீப்பு வாழைப்பழம், யாரோ கழற்றிய ஜெர்கின், செயின் கழன்று நின்ற ஒருவரின் பம்ப் எல்லாம் அதில் ஏறின. கியர் வைத்த சைக்கிள்காரர்கள் பசித்தபோதெல்லாம் அவளுக்காக வேகத்தைக் குறைத்தார்கள்.

வெளியூரில் எப்படிச் செய்கிறார்கள் என்று நீங்கள் அடிக்கடி மேடையில் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்த இரண்டை நானும் சொல்கிறேன். லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேர் ஓடியதில் தொடங்கியது பார்க்ரன். இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறு. எல்லோருக்கும் பின்னால் நடந்து வர ஒரு தொண்டர் இருப்பார். கடைசி இடம் அவருக்கு. அதனால் ஓட வந்தவர் யாரும் கடைசியாக வருவதே இல்லை! கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் ஞாயிறுதோறும் முக்கியச் சாலைகளை வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். 1974-இல் தொடங்கிய முயற்சி அது. காலை ஏழு முதல் மதியம் இரண்டு வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேல். அங்கே யாரும் பாட்டியின் நேரத்தைக் கணக்கெடுப்பதில்லை.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. 2014-இல் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலையை ஞாயிறு காலைகளில் மூடி விட்டபோது, கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போயிருக்கிறோம். சாலையில் பாண்டி ஆடினார்கள், பல்லாங்குழி விரித்தார்கள். 2023-இல் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்து வைத்திருக்கிறார்கள். நடக்க ஆள் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. நீங்கள் ஆளுக்கு எண்ணூறு, ஆயிரம் வாங்குகிறீர்கள். கொடுக்கிறோம், அது குறையில்லை. ஆனால் பதிவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். படம் பிடிப்பது முதலில் வருகிறவர்களை. கூட்டத்தை நிரப்புவது ஃபைவ் கே குடும்பங்கள்.

ஃபேமிலி ரன்னை டென் கே-யோடு ஆறு மணிக்கே விடுங்கள். சாலை அகலமானது, தடுப்பு போட்டு இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் நாங்கள் என்று பிரிக்கலாம். அனுமதி எட்டு மணி வரைதான் என்றால் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள், மேடையிலிருந்து முன்னோக்கி அல்ல. விருந்தினர் எட்டு மணிக்குப் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். பெண்களுக்கான கழிப்பறையைத் தொடக்கத்தில் மட்டும் வைக்காமல் வழியில் ஒன்றாவது வையுங்கள். என் மனைவி இதைத்தான் முதலில் எழுதச் சொன்னாள். படிவத்தில் ‘சாதா சைக்கிள்’ என்று ஒரு கட்டம் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வாலண்டியர்கள் நள்ளிரவிலிருந்து நிற்கிறார்கள், எட்டு மணிக்குமேல் யாரை நிறுத்துவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் கடைசியில் நடக்க நான் வருகிறேன். நண்பனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். நாங்கள் எப்படியும் அங்கேதான் இருப்போம். கையில் ஒரு கொடியும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தால் போதும்.

அடுத்த ஓட்டத்துக்குப் பதிவு செய்தாயிற்று. படிவத்தில் ‘எதிர்பார்க்கும் நேரம்’ என்ற கட்டத்தில், அம்மா சொல்லச் சொல்ல, 1 மணி 20 நிமிடம் என்று மகள் தட்டினாள். அதுவரை வளைவில் காற்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஃபைவ் கே வரிசையின் கடைசியில் வரும் குடும்பத்திலிருந்து ஒருவன்,
சென்னை