சுபாவத்தைக் காரணம் காட்டிக் கைவிடாதீர்கள்

திருகோணமலை மாவட்டத்தின் மனநலக் கிளினிக்குகளில் பணிபுரியும் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் வணக்கம்.

மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளி என்று தூர இடங்களிலிருந்து பஸ் பிடித்து வரும் சனத்தைச் சமாளிப்பது லேசான வேலையில்லை. ஒருவருக்கு ஒதுக்க உங்களுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கின்றன. அதற்குள்ளும் ஒன்றை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்.

மனச்சோர்வுக்குக் குளிசை எடுத்தும் தேறாதவரைப் பார்த்து, "இவ எப்பவும் பயந்த சுபாவம், குளிசை என்ன செய்யும்?" என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். என் சித்தியைக் கூட்டிப்போன இடத்தில் என் காதாலேயே கேட்டேன். வீட்டாரும் தலையாட்டிவிடுகிறார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் அல்லவா!

அதில் பாதி உண்மை. எளிதில் கவலைப்படுகிற, சீக்கிரம் மனம் நோகிற சுபாவம் கூடியவர்களுக்கு மருந்தின் பலன் குறையக்கூடும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் முதல் மருந்திலேயே முழுதாகத் தேறுவது யாருக்குமே உறுதியில்லை. 2006இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தாக சிட்டலோபிராம் எடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே நோய்க்குறிகள் நீங்கின. மற்றவர்களில் பலர் மருந்தை மாற்றியோ வேறொன்றைச் சேர்த்தோ பிறகு தேறினார்கள்.

இன்னொன்று, மனச்சோர்வில் கிடப்பவரின் சுபாவத்தை அளந்தால் நோயையும் சேர்த்தே அளக்கிறோம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்குப் பெரிய தெம்பைத் தந்தது. பரொக்செற்றின் என்ற மனச்சோர்வுக் குளிசை எடுத்தவர்களிடம் கவலைச் சுபாவம் குறைந்து, மற்றவர்களோடு கலகலப்பாகப் பழகும் தன்மை கூடியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத போலிக் குளிசை எடுத்து அதே அளவு மனச்சோர்வு தணிந்தவர்களிடம் இந்த மாற்றம் அவ்வளவு இல்லை. ஆக, மருந்துக்குத் தடை என்று நாம் நினைக்கும் சுபாவத்தையே மருந்து அசைக்கக்கூடும்.

அதனால் சுபாவத்தைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். "வருத்தம் வர முதல் இவ எப்படி இருந்தவ?" என்று வீட்டாரிடம் முதல் நாளே கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். கவலைச் சுபாவம் என்று தெரிந்தால் அவரைக் கூடுதலாகக் கவனியுங்கள். குமட்டல், படபடப்பு, தூக்கக் குழப்பம் எல்லாம் முதல் நாட்களிலேயே வந்துவிடும். பலன் தெரியவோ சில வாரங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் பயந்துபோய்க் குளிசையை நிறுத்திவிடக்கூடியவர் இவர்தான். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். முதல் வாரத்தில் ஒரு தாதி தொலைபேசியில் விசாரித்தால் போதும், சம்பூரிலிருந்து ஒரு சந்தேகம் கேட்க அவர் மறுபடி பஸ் ஏற வேண்டியதில்லை. குளிசையோடு பேச்சுவழிச் சிகிச்சையும் அவருடைய தமிழிலேயே கிடைக்க வழி செய்யுங்கள்.

அன்புடன்,
நோயாளர் ஒருவரைப் பராமரிப்பவர்,
திருகோணமலை